விரிப்பு எடுத்த வரவேற்பறை

அலமாரி மறுபடியும் சோபாவுக்கு முன்னால் வந்து நின்றது.

சுவரோரமாக, சோபாவுக்குப் பின்னால் வைத்த அலமாரி அது. உண்மையில் அந்த அறையில் அப்படியோர் அலமாரியே கிடையாது. நஷ்வா தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் அது இருந்தது. ஆனாலும் இருக்கிற பொருளைப் போல அடக்கமாக நடந்துகொள்ள வேண்டாமா? சோபாவின் முதுகுக்குப் பின்னால் மறைய வேண்டிய அதன் கால்கள், சோபாவைத் துளைத்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. ஒட்டுத்தாளைக் கண்ணில் ஒட்டியது போல இருந்தது.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். அலமாரி போய்விட்டது. வெள்ளை விரிப்பு போர்த்திய சோபா எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கும் அடங்க மாட்டேங்குதா?" என்று கேட்டான் ஷெர்பீனி. அவன் தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டிருந்தான்.

"வாயை மூடு."

"நான் அலமாரியைக் கேட்டேன். நீ எதுக்குப் பதில் சொல்றே?"

எகிப்தில் மரச்சாமான்களுக்குப் பேர்போன தும்யாத்தில், வார்னிஷ் கடை ஒன்றின் மாடியில் இவர்கள் இருவரும் ஒற்றை அறையில் ஒரு நிறுவனம் நடத்தினார்கள். நிரல் எழுதுவது நஷ்வா, வாடிக்கையாளர்களைப் பிடிப்பது ஷெர்பீனி. கெய்ரோவில் இருக்கிற ஒருவர், இந்த ஊர்த் தச்சன் செய்த அலமாரியைத் தன் வீட்டிலேயே, அதன் முழு உயரத்தில், சுற்றி நடந்து பார்த்துவிட்டு வாங்கலாம். அதற்கான செயலி அவர்களுடையது. அலமாரியைக் காட்டுவது எளிதாகத்தான் இருந்தது. மறைய வேண்டிய இடத்தில் அதை மறைய வைப்பதில்தான் உயிர் போயிற்று. நிறம் கொஞ்சம் தப்பினால் மனிதக் கண் மன்னித்துவிடுகிறது. பின்னால் இருப்பது முன்னால் தெரிந்தால் மன்னிப்பதில்லை. உடனே "பொய்" என்று சொல்லிவிடுகிறது.

ஊரில் மூன்று பெரிய மரச்சாமான் கடைகள் வைத்திருந்த ஹாஜி லுத்ஃபி ஒருவர்தான் அவர்களுக்கு மிஞ்சிய நம்பிக்கை. அவர் சரி என்றால் நிறுவனம் பிழைக்கும். இல்லை என்றால் ஷெர்பீனி ஜித்தாவுக்குப் போவான். அங்கே வேலை தயாராக இருந்தது. வியாழக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அவன் போய்விட்டால் நஷ்வாவால் தனியாக எதையும் நடத்த முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதை இருவரும் பேசுவதில்லை.

ஹாஜி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "என் கடையில வெச்சா எல்லாமே அழகாத்தான் தெரியும். ஜனங்க உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரு வீட்டுல வெச்சுக் காட்டுங்க. அங்க நிக்குதான்னு பார்க்கலாம்."

அதனால்தான் இந்த வீடு. ஷெர்பீனியின் அக்கா உம்மு நாஜியின் வீடு. கணவர் காலமாகி, மகன் நாஜி கப்பல் வேலைக்குப் போன பிறகு தனியாக இருந்தாள். தன் வரவேற்பறையை அவர்களுக்குத் திறந்துவிட்டு, அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

"இஞ்சினியரம்மா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அந்தப் பேய் அலமாரி சாப்பிட விடலியா? வா, சீஸும் தக்காளியும் வெச்சிருக்கேன். பேயும் கொஞ்ச நேரம் பட்டினி கிடக்கட்டும்."

கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. ஹெட்செட் விலை குறைந்தது. நடக்க நடக்க அறையை அளந்துகொண்டே போக அதற்குத் தெம்பு இல்லை. அளந்து முடிப்பதற்குள் தலை திரும்பிவிடும், விளிம்புகள் எல்லாம் நடுங்கும். ஆகவே அறையை முன்கூட்டியே நிதானமாக அளந்து, அந்த அளவைச் சேமித்து வைத்துக்கொள்வது என்று நஷ்வா முடிவு செய்தாள். சோபா, நாற்காலி, மேசை, சுவர் என ஒவ்வொன்றையும் ஹெட்செட்டால் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே, எதையாவது தொலைச்சுட்டியா?" என்றாள் உம்மு நாஜி.

"உங்க சாமான் மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணியைப் போர்த்துறேன்க்கா. அந்தத் துணியில எந்தப் படமும் இருக்காது. ஆனா அதுக்குப் பின்னால என்ன இருந்தாலும் தெரியாம மறைச்சிடும்."

"இருக்கிற துணி பத்தாதா உனக்கு?" என்று சிரித்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பில் இருந்த செய்தியை நஷ்வா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அடுத்த முறை ஹெட்செட்டை மாட்டியபோது அலமாரி சோபாவுக்குப் பின்னால் நின்றது. கால்கள் தெரியவில்லை. குனிந்தால் தெரிந்தன, நிமிர்ந்தால் மறைந்தன. அவள் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, கடைசியில் தரையில் உட்கார்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

மறுநாள், ஹாஜி வருவதாகச் சொன்ன நாளில், பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே இருவரும் உம்மு நாஜியின் வீட்டுக்கு வந்தார்கள். படிக்கட்டு முழுக்க வினிகர் வாசனை. கதவு விரியத் திறந்திருந்தது.

நஷ்வா வரவேற்பறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அறை முழுவதும் தங்கமாக மின்னியது. சோபாவின் முதுகிலும் நாற்காலிகளின் கைகளிலும் தங்கத் தாள் ஒட்டிய பூவேலை. நடுவில் கண்ணாடிப் பலகை போட்ட மேசை. எதிர்ச்சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி, அதைச் சுற்றிலும் தங்கச் சட்டம். சுவரை ஒட்டி நின்ற நாற்காலிகள் பிரிந்து, மேசையைச் சுற்றி விருந்துக்கு நிற்பது போல நின்றன. ஒரு வெள்ளை விரிப்புகூட இல்லை.

இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வீட்டார் உள்ளறையில் உட்காருவார்கள். வரவேற்பறை விருந்தாளிக்கு. விருந்தாளி இல்லாத நாட்களில் அது விரிப்புக்குள்ளேயே கிடக்கும். நஷ்வாவின் அம்மா வீட்டிலும் அதே, ஷெர்பீனியின் வீட்டிலும் அதே. பிறந்தது முதல் பார்த்த வெள்ளையாதலால் அந்த விரிப்பு அவர்கள் இருவர் கண்ணிலும் ஒரு பொருளாகப் படவே இல்லை. சோபாவை அளந்ததாக அவர்கள் நினைத்தார்கள். அளந்தது விரிப்பை.

"எப்படி இருக்கு?" என்று வந்து நின்றாள் உம்மு நாஜி. புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள். "விடியக்காலைத் தொழுகை முடிஞ்சதுல இருந்து தேய்க்கிறேன். பூவுக்குள்ள எல்லாம் பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்ச்சேன். ஹாஜி லுத்ஃபி மாதிரி ஒரு மனுஷன் நம்ம வீட்டுக்கு வர்றார், அவரை விரிப்பு மேலயா உட்கார வைப்பேன்?"

நஷ்வாவின் வாய்வரை வந்துவிட்டது. "யாரு உங்களை எடுக்கச் சொன்னா?" என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அந்தப் பெண்ணின் விரல்கள் கண்ணில் பட்டன. வினிகர் பட்டுச் சிவந்து, நுனிகள் வெடித்திருந்தன.

"ரொம்ப... ரொம்ப அழகா இருக்குக்கா," என்றாள்.

உம்மு நாஜி உள்ளே போனதும் ஷெர்பீனி அவள் காதருகே வந்தான். "மறுபடியும் போர்த்திடச் சொல்லட்டுமா?"

"சொல்லு. உன் அக்காகிட்ட நீயே சொல்லு. வர்ற விருந்தாளிக்கு விரிப்பை எடுக்காதே, அவர் அவ்வளவு பெரிய ஆளு இல்லைன்னு சொல்லு."

ஷெர்பீனி சமையலறைப் பக்கம் பார்த்தான். உள்ளேயிருந்து கோப்பைகளைத் துடைத்து வைக்கும் சத்தம் வந்தது. கூடவே ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டு.

"நான் ஜித்தாவுக்கே போயிடறேன்," என்றான்.

நஷ்வா பழைய அளவைப் போட்டுப் பார்த்தாள். விரிப்பு உப்பியிருந்த இடங்களில் இப்போது வெறும் காற்று இருந்தது. அந்தக் காற்று அலமாரியைப் பாதியாக வெட்டியது. மறுபடி அளக்க ஆரம்பித்தாள். வெள்ளைத் துணியைச் சாதுவாக அளந்த ஹெட்செட், பளபளப்பைக் கண்டதும் பைத்தியம் பிடித்தது போலாயிற்று. தங்கப் பூவேலை மின்னிய இடமெல்லாம் சல்லடையாகப் பதிந்தது. மேசையின் கண்ணாடிப் பலகை அதற்குத் தெரியவே இல்லை. நிலைக்கண்ணாடியை அது அடுத்த அறைக்குப் போகும் வாசல் என்று எடுத்துக்கொண்டது. அழித்தாள். அளந்தாள். அழித்தாள். பாங்கு ஒலித்தது. தொழப் போனாள். தொழுகையிலும் அலமாரி வந்து நின்றது. "யா அல்லாஹ், இதையாவது என் கண்ணுல இருந்து மறைச்சுடேன்," என்று வேண்டிக்கொண்டபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அழைப்பு மணி அடித்தது.

ஹாஜி லுத்ஃபி கனத்த உடம்பும் மெதுவான நடையும் உள்ளவர். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார்.

"மாஷா அல்லாஹ். இது இப்போ செய்யற வேலை இல்லியே. கல்யாணச் சீரா?"

"ஆமா ஹாஜி," என்று வாசலிலிருந்தே சொன்னாள் உம்மு நாஜி. முகம் மலர்ந்துவிட்டது. "இருபத்தாறு வருஷமாச்சு."

"நேத்துத்தான் வந்த மாதிரி இருக்கு. எப்படித்தான் காப்பாத்தி வெச்சிருக்கீங்களோ!"

டீ வந்தது. பிறகு ஹெட்செட்டும் வந்தது. ஷெர்பீனி அதை அவர் தலையில் மாட்டி, பின்பட்டையை இறுக்கினான். ஹாஜி தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"அலமாரி வந்துச்சா ஹாஜி?"

"வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ அதைக் கடிச்சுத் தின்னுட்டாங்க."

"அது வந்து... வெளிச்சம் ஹாஜி. சாயங்கால வெளிச்சம் கொஞ்சம்..."

"அதோட கால் எதுக்கு மேசைக்குள்ள வந்து நிக்குது? என் டீயை உதைச்சிடப் போகுது." அவர் கையை நீட்டிப் பார்த்தார். "இரு, இரு. மேசை என் முன்னால இருக்கு. அலமாரி மேசைக்குப் பின்னால இருக்கு. அப்புறம் எப்படி மேசையை மறைக்குது? யாரு பொய் சொல்றாங்க, மேசையா அலமாரியா?"

"கொஞ்சம் வலது பக்கமா நகர்ந்து பாருங்க ஹாஜி," என்றாள் நஷ்வா. குரலில் உயிர் இல்லை.

நகர்ந்தார். நிலைக்கண்ணாடியின் பக்கம் திரும்பினார். உரக்கச் சிரித்துவிட்டார்.

"அட! சுவத்துக்குள்ள போயிடுச்சே! அந்தப் பக்கம் யாரு வீடு?"

"உம்மு ஹாலா வீடு," என்றாள் உம்மு நாஜி வெகுளியாக.

"அவங்களுக்கு இலவசமா ஒரு அலமாரி போயிருக்குன்னு சொல்லுங்க."

ஷெர்பீனியும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஹாஜி ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சிரிப்பும் அதோடு இறங்கியது. டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் வியாபாரி.

"மகளே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இது எப்பவாச்சும் சரியா நின்னுச்சா?"

"நின்னுச்சு ஹாஜி. நேத்து நின்னுச்சு."

"நேத்துக்கும் இன்னிக்கும் என்ன மாறிச்சு?"

ஷெர்பீனி நஷ்வாவைப் பார்த்தான். உண்மையான பதில் ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் நிறுவனத்தின் மானம் பிழைக்கும். தட்டோடு வாசலில் நிற்கும் பெண்ணின் விடியற்கால உழைப்பு முழுவதும் குற்றமாகிவிடும்.

"நான்தான் தப்பா அளந்துட்டேன் ஹாஜி," என்றாள் நஷ்வா. "எதை அளக்கணுமோ அதை அளக்கலை. தப்பு என்னோடது."

அது பொய்யும் அல்ல. அடியார்களின் குறைகளை மூடி வைப்பவன் என்று இறைவனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் குணத்தில் ஒரு நூலிழை மனிதனுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் நஷ்வாவுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான். எல்லாம் முடிந்துபோயிற்று. எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"நேத்து விரிப்பு இருந்துச்சே," என்றாள் உம்மு நாஜி.

ஹாஜி அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து விரிப்பு போட்டிருந்துச்சு. இன்னிக்கு நான் எடுத்துட்டேன். அதான மாறிச்சு?" அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தான். நஷ்வாவைப் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியாத துணின்னு சொன்னியே... அதை என் துணி மேலயா போட்டே?"

"அக்கா, அது ஒண்ணும் இல்ல..."

"வந்ததும் ஏன் சொல்லலே?"

உம்மு நாஜி தட்டைக் கீழே வைத்தாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. விருந்தாளி முன்னால் தன் வீட்டில் இப்படி ஆனது அவளுக்குப் பெரிய அடி. விறுவிறுவென்று உள்ளே போனாள். அழப் போகிறாள் என்றுதான் நஷ்வா நினைத்தாள். அவள் திரும்பி வந்தபோது முகமே தெரியவில்லை. மடித்த வெள்ளை விரிப்புகள் இரண்டு கையிலும் மோவாய்வரை குவிந்திருந்தன.

"ஹாஜி, எழுந்திருங்க," என்றாள் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து. "நீங்க விருந்தாளியா இருந்தது போதும். இனிமே வீட்டு மனுஷன். வீட்டு மனுஷங்க எங்க வீட்டுல விரிப்பு மேலதான் உட்காரணும்."

வேடிக்கையாகச் சொல்ல எவ்வளவு முயன்றாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஹாஜி லுத்ஃபி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஒதுங்கி நிற்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் மேல்கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, முதல் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டு மனுஷனுக்கு வேலை கொடுக்காம இருப்பீங்களா? சொல்லுங்க, இது எதுக்கு, சோபாவுக்கா?"

"சோபாவுக்கு. அந்தப் பக்கத்தை உள்ள சொருகுங்க. அப்படி இல்ல, ஹாஜி, கீழ."

"கடையில முப்பது பேரை வேலை வாங்கறேன், ஒரு விரிப்பு சொருகத் தெரியலை பாருங்க."

ஷெர்பீனி நாற்காலிகளைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். கண்ணாடி மேசைக்கு ஒரு விரிப்பு, நிலைக்கண்ணாடிக்கு ஒரு துணி. தங்கம் ஒவ்வொன்றாக அணைந்தது. நஷ்வா பழைய அளவைத் திறந்தாள்.

ஹாஜி மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். சோபாவை நோக்கி நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தார். கையை அலமாரியின் பின்பக்கம் கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவினார்.

"ஓரம் கொஞ்சம் நடுங்குது."

"ஆமா ஹாஜி. மடிப்பு நேத்து மாதிரியே விழலை," என்றாள் நஷ்வா.

"ஆனா நிக்குது."

"நிக்குது ஹாஜி."

அவர் கழற்றிவிட்டு விரிப்பு போர்த்திய சோபாவில் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"இதோ பாரு மகளே. நான் விக்கிறது தங்கம் ஒட்டின சாமான். பளபளன்னு இருக்கணும்னுதான் ஜனங்க வாங்கறாங்க. பளபளப்பைப் பார்த்தா உன் இயந்திரம் பயப்படுது. இதை என் கடையில வெச்சா எனக்கு அவமானம்."

ஷெர்பீனி கைபேசியைக் கையில் எடுத்தான். ஜித்தாவுக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அவசரப்படாதே, நான் இன்னும் முடிக்கலை," என்றார் ஹாஜி. "ஒரு வீட்டுல அம்மா அலமாரி வாங்கணும்னு யோசிக்கிறாங்க. எப்போ யோசிப்பாங்க? வீடு நிறைய விருந்தாளி இருக்கறப்பவா? தனியா இருக்கறப்ப. இதைத் தலையில மாட்டிக்கிட்டு கிறுக்கு மாதிரி சுத்தறப்போ யாரும் பார்க்கக் கூடாதுன்னு கதவையும் சாத்திப்பாங்க. அப்போ சாமான் மேல என்ன இருக்கும்?"

"விரிப்பு," என்றாள் உம்மு நாஜி.

"விரிப்பு. என் கடையில வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. ஒரு கடையோட வாடிக்கைக்காரங்களை மட்டும் தர்றேன், ரமலான் வரைக்கும். அதுக்குள்ள அந்த நிலைக்கண்ணாடியை ஒரு வழி பண்ணு. பண்ணலைன்னா மத்த ரெண்டு கடையைப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது."

ஷெர்பீனி எழுந்து அவர் தோளில் முத்தமிட்டான். நஷ்வா எழவில்லை. ரமலானுக்குள் நிலைக்கண்ணாடி! பெரிய பெரிய நிறுவனங்களே கைவிரித்துவிட்ட விஷயம் அது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முதலில் வந்தது தலைவலிதான்.

"நன்றி ஹாஜி," என்றாள்.

"எனக்கு எதுக்கு நன்றி? மானத்தைப் பார்க்காம விரிப்பைத் தூக்கிட்டு வந்தாங்களே, அவங்களுக்குச் சொல்லு." கதவருகே மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஹாஜி திரும்பினார். "உம்மு நாஜி, இன்னிக்கு நான் வீட்டு மனுஷனா ஆகிட்டேன், கணக்கு சரியாப் போச்சு. வர்ற வெள்ளிக்கிழமை எங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் விருந்தாளி. எல்லா விரிப்பையும் எடுத்து வைங்க. அந்த வேலைப்பாட்டை அவ பார்க்கணும்."

உம்மு நாஜி வாயில் கையை வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து தேய்த்த விரல்கள் அவை. அவர் படியிறங்கும்வரை கதவைச் சாத்தாமல் நின்றாள்.

உள்ளே ஷெர்பீனி ஜித்தாவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, "நான் பிச்சையெடுத்தா நீதான் பொறுப்பு," என்றான். நஷ்வா அவனைக் கவனிக்கவில்லை. துணி மூடிய நிலைக்கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் துணியை மட்டும் இப்போ கொஞ்சம் எடுக்கலாமா? ஒரே ஒரு தடவை அளந்துட்டு..."

"வெள்ளிக்கிழமை. அவங்க சாப்பிட்டுப் போன அப்புறம்."

"அஞ்சு நிமிஷம்க்கா."

"இஞ்சினியரம்மா, இன்னிக்கு இந்த அறையில ஒரு தடவை எடுத்தேன், ஒரு தடவை போட்டேன். இனி யார் கை வெச்சாலும் முறிச்சிடுவேன்." தட்டில் மிஞ்சியிருந்த, ஜிலேபி போன்ற முஷப்பக் இனிப்பில் பெரிய துண்டாக உடைத்து, பாகு சொட்டச் சொட்ட அவள் வாயில் திணித்தாள். "வந்ததும் என்னைத் திட்டாம விட்டியே, அதுக்கு இது. மெதுவாத் தின்னு."

பேச முடியாமல், வாய் நிறைய இனிப்போடு, நஷ்வா துணிக்குப் பின்னால் இருந்த அந்த நிலைக்கண்ணாடியை எரிச்சலோடு பார்த்துக்கொண்டே மென்றாள்.